வேளாண்மை அலமாரிக்குப் பின்னால்

வேளாண்மை நூல்கள் இருக்கும் அலமாரிக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பள்ளிச் சீருடை, மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, ஒரு கையில் பரீட்சை எழுதும் அட்டை. இன்னொரு கையை முழங்கை வரைக்கும் புத்தகங்களுக்குப் பின்னால் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

நல்ல பங்குனி வெயில். பாளையங்கோட்டை பஸ் நிலையத்திலிருந்து நாலு எட்டில் இருந்தது எங்கள் கிளை நூலகம். அந்த நேரத்தில் மின்விசிறிக்குக் கீழே நாளிதழ் படிக்கும் பெரியவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதினேனே, தலையங்கத்தை வாய்விட்டுத்தான் படிப்பேன் என்று அடம்பிடித்தவர்கள், அவர்களேதான்.

எனக்கு முன்கோபம் உண்டு. யாராவது என் அலமாரியைக் கலைத்தால் அது மூக்குக்கு மேலே வந்துவிடும்.

"ஏ பிள்ளே, அங்கன என்ன துழாவுத? தென்னைக்கு உரம் வைக்கப் போறியா?" என்று இருந்த இடத்திலிருந்தே கேட்டேன்.

அவள் திரும்பினாள். "அக்கா, இங்கன பின்னால ஒரு புக்கு இருந்துச்சு. ரெண்டு மாசமா இங்கனதான் இருந்துச்சு. இப்பக் காணல."

"என்ன புக்கு?"

"பேரு தெரியாது. மேலட்ட கிடையாது. மொத நாலஞ்சு பக்கமும் கிடையாது."

"எழுதுனது யாரு?"

"அதுவுந் தெரியாது. இன்னும் பத்தொம்பது பக்கம் பாக்கி இருக்குக்கா." இதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு பெரியவர் நாளிதழைத் தாழ்த்தி என்னை முறைத்தார். நான் ஏதோ அடித்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். அப்படி நினைத்ததில் பெரிய தவறும் இல்லை.

பெண்ணின் பெயர் முத்துப்பேச்சி. சீவலப்பேரியிலிருந்து பஸ்ஸில் வந்து பன்னிரண்டாம் வகுப்பு படித்தாள். அன்றைக்குத்தான் அவளுக்கு அரசுத் தேர்வு தொடங்கியிருந்தது. அவள் தேடிய புத்தகத்தைக் காணாமல் போக்கியவள் நான்தான். அதைச் சொல்வதற்கு முன்னால், எங்கள் தொழிலில் இருந்த ஒரு பெரிய ஓட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சிறுவர், பெரியவர், அவ்வளவுதான்

அந்தக் காலத்தில் எங்கள் நூலகத்தில் வாசகர்கள் இரண்டே வகை. சிறுவர், பெரியவர். சிறுவர் பகுதியில் குட்டி நாற்காலிகளும் படக்கதைகளும் இருக்கும். பெரியவர் பகுதியில் மற்றதெல்லாம் இருக்கும். பதின்மூன்று வயதிலிருந்து பதினெட்டு வயது வரை திருநெல்வேலிச் சீமையில் யாருமே உயிரோடு இல்லை என்பது போல நாங்கள் நூலகம் நடத்தினோம்.

அந்த வயதுப் பிள்ளைகள் வராமல் இல்லை. குட்டி நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடிக்கும். பெரியவர் பகுதிக்குப் போனால், "பாடப் பொஸ்தவத்தப் படிக்காம இங்கன என்ன வேல?" என்று யாராவது கேட்பார்கள். பல நாள் அப்படிக் கேட்டது நான்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கு முந்தைய ஆண்டு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அந்த வயதுப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஓர் அலமாரி வைக்கலாம், அறுபது நூல்களுக்குப் பட்டியல் அனுப்புக என்று. சந்தோஷமாகத்தான் இருந்தது. உட்கார்ந்து எழுதப் போனால் ஆறு பெயர் கூடத் தேறவில்லை.

பதிப்பகங்களின் விலைப்பட்டியலை எடுத்தேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் கீழே ஒரே வரி: 'அனைவரும் படிக்க வேண்டிய நூல்.' அனைவரும் என்றால் யார்? வார இதழ்களில் வந்த மதிப்புரைகளைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை வாசம் இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது. ஆனால் மதிப்புரை எழுதியவர்கள் எல்லாரும் கண்ணாடி போட்டவர்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் புத்தகம் ருசிக்குமா என்று ஒருவர் கூட எழுதவில்லை.

அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் யோசனைகளைப் பற்றி வீட்டில் ஒரு அபிப்பிராயம் உண்டு, அது இப்போது வேண்டாம். பிள்ளைகளிடமே கேட்டால் என்ன என்று நினைத்தேன். பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய், வகுப்பாசிரியையிடம் அனுமதி வாங்கி, ஆளுக்கொரு தாள் கொடுத்து, 'உங்களுக்கு எந்த மாதிரி நூல்கள் பிடிக்கும்?' என்று எழுதச் சொன்னேன். ஆசிரியை கையைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார்.

பிள்ளைகள் எழுதினார்கள். தலைவர்கள் வாழ்க்கை வரலாறு. பொது அறிவு. நீதிக் கதைகள். ஒரு பிள்ளை, 'ஒழுக்கத்தை வளர்க்கும் நூல்கள்' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

நான் அதை அப்படியே நம்பினேன். மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருமகளிடம், "வீட்டுல எல்லாரும் எப்படிம்மா?" என்று கேட்டால் என்ன பதில் வருமோ அந்தப் பதில்தான் எனக்கு வந்திருக்கிறது என்று அப்போது உறைக்கவில்லை. அறுபது நூல்களும் வந்தன. புது அலமாரியில் அடுக்கி, பலகை எழுதி மாட்டினேன். ஆண்டு முழுக்க அதிலிருந்து ஒரு பிள்ளையும் ஒரு புத்தகமும் எடுக்கவில்லை. தடிமனான ஒன்றை ஒரு பெரியவர் மத்தியானத் தூக்கத்துக்குத் தலைக்கு வைத்துக்கொண்டார்.

நான் செய்த ஒழுங்கு

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

'எடுத்த நூலை மேசைமீது வைக்கவும்' என்று சுவரில் பலகை தொங்கும். அலமாரியில் வாசகர் தானாகத் திருப்பி வைத்தால் இடம் மாறிவிடும், இடம் மாறிய புத்தகம் தொலைந்த புத்தகம் என்பது எங்களுக்குப் பயிற்சியிலேயே ஏற்றிவிட்ட பாடம். ஆனால் தினமும் காலையில் ஏதாவது ஒரு கதைப் புத்தகம் இடம் மாறிக் கிடக்கும். அதுவும் யாரும் எட்டிப் பார்க்காத வேளாண்மை அலமாரியின் பக்கம். நான் திட்டிக்கொண்டே எடுத்துப் பழைய இடத்தில் வைப்பேன்.

பிள்ளைகளுக்குத் தேர்வுக்கு முந்தைய படிப்பு விடுமுறை விட்டிருந்த சமயம், அந்த ஆண்டு இருப்புச் சரிபார்ப்பின்போது எல்லாப் புத்தகங்களையும் இறக்கித் தூசி தட்டினோம். மண்ணியலுக்கும் நெற்பயிர் நோய்களுக்கும் பின்னால், சுவரை ஒட்டி, ஆறு கதைப் புத்தகங்கள் நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பஸ் டிக்கெட். டிக்கெட்டுகளை உதறிக் குப்பைக்கூடையில் போட்டேன். நல்லதாக இருந்த மூன்றை அவற்றின் இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். மேலட்டையும் முன்பக்கங்களும் போய்த் தையல் விட்டிருந்த மூன்றையும் கழிவு நூல்களோடு சேர்த்தேன்.

கழிவுக்கு விதி எளிது. கிழிந்திருக்க வேண்டும், பல ஆண்டுகளாக யாரும் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கக் கூடாது. பின்பக்கத்துத் தேதிச் சீட்டைப் பார்த்தேன். கடைசி முத்திரை எந்தக் காலத்திலோ விழுந்தது. உள்ளே அச்சடித்த வரவு எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போட்டேன். அந்தக் கோட்டின் நேர்த்தியில் எனக்குப் பெருமை கூட இருந்தது. கட்டுகள் லாரி ஏறி, காகித ஆலைக்குப் போய்ச் சேர்ந்தன.

யாரும் எடுக்காத புத்தகம் எப்படி இவ்வளவு கிழிந்தது என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

காரணம் பேச்சியிடம் இருந்தது. அவளுக்கு உறுப்பினர் அட்டை இல்லை. அதற்கு அப்போது ஒரு அரசு அலுவலரின் கையெழுத்தோ வீட்டு வரி ரசீதோ கேட்போம். அவள் அம்மா பீடி சுற்றினாள். அவர்கள் குடியிருந்த இடத்துக்கு ரசீது கிடையாது. பள்ளி விட்டு சீவலப்பேரி பஸ் வருவதற்கு நடுவே ஒரு மணி நேரம் இருக்கும். அந்த ஒரு மணி நேரம் இங்கே உட்கார்ந்து படிப்பாள். மறுநாள் அந்தப் புத்தகம் வேறு யார் கைக்கும் போய்விடக் கூடாது என்று, யாரும் தொடாத வேளாண்மைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போவாள். அவளைப் போல இன்னும் நாலைந்து பிள்ளைகள் அப்படி வைத்திருந்தார்கள். வெளியே கண்ணில் பட்டதையெல்லாம் நான்தான் தினமும் காலையில் கலைத்துக்கொண்டிருந்தேன்.

பத்துப் பாரம்

அவளை உட்கார வைத்து, பானையிலிருந்து தண்ணீர் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். "மன்னிச்சுக்கோ" என்று சொல்ல வாய் வரவில்லை. நூலகர் வாசகரிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை.

"இன்னொரு பிரதி எங்கனயாவது இருக்கும். தேடித் தாரேன். எப்ப வரைக்கும் வருவ?" என்று கேட்டேன்.

"கடைசிப் பரீட்ச வரைக்குந்தான்க்கா. அதுக்கு மறுநா திருப்பூர்ப் பக்கம் மில்லுக்குப் போறேன். ஏசண்ட் வந்து பேசிட்டுப் போயிட்டாவ. எங்க தெருவுலேருந்து நாலு பேரு போறோம்."

மூன்று வாரம் இருந்தது. பெயர் தெரியாத, எழுதியவர் தெரியாத ஒரு புத்தகத்தைப் பிடிக்க வேண்டும்.

"கதையச் சொல்லு" என்றேன்.

சொன்னாள். மலைத்தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்தில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி. வேலைக்குப் போன அவள் அக்காவிடமிருந்து கடிதம் நின்றுபோகிறது. யாரிடமும் சொல்லாமல், ஆட்டுக்குட்டிகள் ஏற்றிய லாரியில் ஏறி அக்காவைத் தேடிப் போகிறாள். "லாரிக்காரன் நல்லவனா கெட்டவனான்னு நூறு பக்கத்துக்குத் தெரியாதுக்கா. ஆட்டுக்குட்டியெல்லாம் அவ மடியில ஏறி ஏறிப் படுக்கும்" என்று சொல்லும்போது அழுகையை மறந்து சிரித்தாள்.

கழிவுப் பட்டியலில் நாற்பத்துமூன்று பெயர்கள். எந்தப் பெயரிலும் லாரி இல்லை, ஆடும் இல்லை.

"எந்தப் பக்கத்துல நிறுத்துன?"

"நூத்து நாப்பத்தொண்ணு."

"பத்தொம்பது பாக்கின்னு எப்படித் தெரியும்?"

"எண்ணிட்டேம்லா."

எனக்கு வழி தெரிந்துவிட்டது. மொத்தம் நூற்று அறுபது பக்கம். எங்கள் வரவுப் பதிவேட்டில் ஒவ்வொரு நூலுக்கும் பக்க எண்ணிக்கை எழுதியிருக்கும். அதற்குள் துள்ளிக் குதித்துவிட வேண்டாம். அச்சகத்தில் பதினாறு பக்கத்தை ஒரு பாரம் என்பார்கள். பத்துப் பாரம் சேர்ந்தால் நூற்று அறுபது. பதிப்பகத்தாருக்கெல்லாம் பத்துப் பாரம் என்றால் தனிப் பிரியம். சிவப்புக் கோடு போட்ட நாற்பத்துமூன்றில் ஒன்பது புத்தகங்கள் நூற்று அறுபது பக்கம். இருந்தாலும் நாற்பத்துமூன்றுக்கு ஒன்பது தேவலை.

இந்த ஒன்பதில் எது ஆட்டுக்குட்டிப் புத்தகம் என்று சொல்ல, அதைப் படித்த ஒருவர் வேண்டும். முப்பது பேருக்கு மேல் நூலகர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் படித்திருக்க மாட்டாரா என்று நம்பினேன்.

பரிமாறுகிறவருக்குப் பசி எடுக்காது

முதலில் திருச்செந்தூருக்குப் போன் போட்டேன். அங்கிருந்த நூலகர் சலித்துக்கொண்டார். "நீங்க வேற மேடம்! உத்திரக் கூட்டம் நெரியுது. உள்ள வாரவங்க ரெண்டே கேள்விதான் கேக்காவ. கோயிலுக்கு எப்படிப் போணும், பஸ்ஸு எத்தன மணிக்கு. பொஸ்தவத்தப் பத்திக் கேட்டு ஒரு மாசம் ஆவுது."

அப்புறம் ஏரல். ஏரல் நூலகரை நாங்கள் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஆற்றங்கரைக்காரர், வெற்றிலைப் பிரியர். பணிக்காலம் முழுவதும் ஒரு புத்தகத்தையும் முழுசாகப் படித்ததில்லை என்று அவரே பெருமையாகச் சொல்வார். கேட்டால், "பந்தியில பரிமாறுதவனுக்குப் பசி எடுக்காதும்மா" என்பார். ஆனால் எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

ஒன்பது பெயர்களையும் போனில் சொன்னேன். எழுதிக்கொண்டார். "எல்லாம் இருக்கு. கதை என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்? கேட்டுச் சொல்லுதேன்."

"யார்ட்ட கேப்பீய?"

"படிக்கவங்ககிட்டதான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நூலகர் கேட்க வேண்டிய ஆள் இன்னொரு நூலகர் என்று நினைத்துத்தான் நான் போன் போட்டேன். அவருக்கு அந்தச் சந்தேகமே இல்லை. சாயங்காலம் வாசிப்பு மேசையில் பள்ளிக்கூடத்துப் பெண்கள் நாலு பேர் இருந்திருக்கிறார்கள். தாளைப் பார்த்து ஒன்பது பெயர்களையும் சத்தமாகப் படித்து, "இதுல ஆட்டுக்குட்டி வாரது எதும்மா?" என்று கேட்டிருக்கிறார்.

மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். குரலில் வெற்றிலையும் உற்சாகமும்.

"யம்மா, ஒம் பொஸ்தவம் ஆம்புட்டுட்டு! தாமரைன்னு ஒரு பிள்ள. நாலாவது பேரச் சொன்னதும், 'லாரிக் கதையா?'ன்னு கேட்டுட்டா."

"எடுத்து வச்சிட்டீயளா அண்ணாச்சி?"

"அங்கனதான் கத. அலமாரியில இருக்க வேண்டிய எடத்துல இல்ல. அந்தப் பிள்ள போயி சமையல் கலைக்குப் பின்னாலேருந்து உருவுதா! எனக்குத் தெரியாம என் நூலகத்துல ஒரு நூலகம் நடந்திருக்கும்மா."

சிரித்துவிட்டேன். பிறகு கேட்டேன்: "பின்னால வேற என்னெல்லாம் இருக்கு?"

அவர் ஒவ்வொன்றாகப் பெயரைப் படித்தார். ஏழு புத்தகங்கள். நான் வேளாண்மைக்குப் பின்னாலிருந்து எடுத்து 'ஒழுங்காக' வைத்த மூன்றில் இரண்டு அந்த ஏழில் இருந்தன. பேச்சியின் புத்தகத்தோடு சேர்த்தால் மூன்று. பாளையங்கோட்டைப் பிள்ளைகளும் ஏரல் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. யாரும் அவர்களுக்கு மதிப்புரை எழுதிக் கொடுக்கவில்லை. இருந்தாலும் இரண்டு ஊரிலும் ஒரே புத்தகங்களை ஒளித்து வைத்திருந்தார்கள்.

ஓர் ஆண்டாக நான் விலைப்பட்டியலிலும் வகுப்பறையிலும் தேடிய பட்டியல், என் அலமாரிக்குப் பின்னால் டிக்கெட் வைத்துத் தயாராக இருந்திருக்கிறது. அதைக் குப்பைக்கூடையில் உதறியவளும் நான்தான்.

திருச்செந்தூர் நூலகரையும் விடவில்லை. கூட்டம் வடிந்ததும் தேடிப் பார்க்கச் சொன்னேன். சித்த மருத்துவத்துக்குப் பின்னால் ஐந்து இருந்தன.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை ஒரு வழக்கம் வைத்திருந்தேன். காலையில் பெருக்குவதற்கு முன்னால் எல்லா அலமாரிக்குப் பின்னாலும் எட்டிப் பார்ப்பேன். இருப்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். டிக்கெட் நாளுக்கு நாள் முன்னேறுகிறதா, பாதியிலேயே நின்றுவிட்டதா என்றும் எழுதுவேன். புத்தகத்தை மட்டும் தொட மாட்டேன். அந்த நோட்டை வைத்துத்தான் அடுத்தடுத்த ஆண்டுகளில் பிள்ளைகளின் அலமாரிக்கு நூல்கள் கேட்டு எழுதினேன். பலகை மாட்டாமலே அந்த அலமாரி காலியாகிக்கொண்டிருந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், 'நூல்கள் வரிசை மாறிக் காணப்படுகின்றன' என்று குறிப்பு எழுதிவிட்டுப் போனார். நான் அதில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது நூலகர் வேலையில் இருக்கும் பிள்ளைகள் கைபேசியில் குழு வைத்திருக்கிறார்கள். ஒரு மேலட்டையைப் படம் பிடித்துப் போட்டால், எத்தனை வயதுக்கு ஏற்றது என்று அரை மணியில் பத்துப் பேர் சொல்லிவிடுகிறார்கள். நல்ல விஷயந்தான். சொல்கிற பத்துப் பேரும் பெரியவர்கள் என்பதை மட்டும் அவ்வப்போது அவர்களுக்கு நினைவுபடுத்துவேன். "மேடம் ஆரம்பிச்சிட்டாங்க" என்பார்கள்.

வெள்ளிக்கிழமை

புத்தகம் கிடைத்தது, கைக்கு வரவில்லை. தாமரை கொடுக்க மறுத்துவிட்டாள். அவள் அதை இரண்டாம் தரம் படித்துக்கொண்டிருந்தாள்.

"புடுங்கிக் கொண்டாந்துருவேன்" என்றார் அண்ணாச்சி. "என் நூலகத்துப் பொஸ்தவந்தான். ஆனா அதுக்கப்புறம் அந்தப் பிள்ள எனக்கு ஒரு சேதியும் சொல்ல மாட்டா. பைய கேட்டு வாங்குதேன்."

பேச்சி ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் வந்து நிற்பாள். "வந்துட்டாக்கா?" என்பாள். "வரும்" என்பேன். புத்தகத்தின் பெயரைச் சொன்னபோது, "இதுதானா பேரு?" என்று ஆச்சரியப்பட்டாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. காரணம் கொஞ்ச நேரத்தில் புரியும். எழுதியவர் இன்றும் நலமாக இருக்கிறார்.

கடைசிப் பரீட்சை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. கிளை நூலகங்களுக்கு வார விடுமுறையே வெள்ளிக்கிழமைதான். அதற்கு முந்தின நாள் அண்ணாச்சி பேசினார். தாமரை முடித்துவிட்டாளாம். ஒரு நாளைக்குத் தருகிறாளாம். சாயங்காலத்துக்குள் அவள் கைக்குத் திரும்பி வந்துவிட வேண்டுமாம். "நாளைக்கு எனக்கும் லீவுதான. நானே கொண்டு வாரேன்" என்றார்.

விடுமுறை நாளில் நூலகத்தைத் திறந்தேன். திறந்த கதவைப் பார்த்து நாளிதழ்ப் பெரியவர் ஒருவர் வந்துவிட்டார்.

"இன்னைக்கு உண்டா?"

"இல்ல."

"பெறகு தெறந்திருக்கு?"

"தூசி தட்டுதோம்."

அவர் போகவில்லை. வாசலில் நின்று கொஞ்ச நேரம் தூசியை எதிர்பார்த்துவிட்டுத்தான் போனார்.

மத்தியானம் அண்ணாச்சி மஞ்சள் பையோடு வந்து இறங்கினார். புத்தகத்தைப் பழைய நாளிதழில் சுற்றி, நூல் போட்டுக் கட்டியிருந்தார். பேச்சி பரீட்சை முடிந்து ஓடி வந்தாள். விரலெல்லாம் மை. பரீட்சை எப்படி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவளும் சொல்லவில்லை. மேலட்டையோடு அந்தப் புத்தகத்தை முதல் தடவையாகப் பார்த்தாள். அட்டையில் லாரி இருந்தது. விரலால் ஒரு தடவை தடவிவிட்டு, நூற்று நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் புரட்டினாள்.

அவள் படிக்கப் படிக்க, நாங்கள் இரண்டு பேரும் பார்க்காதது போல உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சி முந்தின நாள் நாளிதழை வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒட்டின சீட்டுகளையே திரும்ப ஒட்டினேன். மின்விசிறிச் சத்தமும் பக்கம் திரும்பும் சத்தமும்தான்.

"இம்புட்டுப் பையப் படிக்காளே! நாலு மணி பஸ்ஸ விட்டுருவேன் போலுக்கே" என்று அண்ணாச்சி என் காதில் சொன்னார்.

"பேசாம இருங்க அண்ணாச்சி."

ஓரிடத்தில் சிரித்தாள். ஓரிடத்தில் பின்னால் ஒரு பக்கம் திருப்பி மறுபடி படித்தாள். என்னென்னவோ படிக்கிறவர்களைப் பல்லாண்டு பார்த்திருக்கிறேன். ஒருத்தி படிப்பதை இப்படிப் பக்கம் பக்கமாக எண்ணிக்கொண்டு பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

மூடினாள். என் பரீட்சை முடிவுக்குக் கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை. "எப்படி?" என்றேன்.

"முடிவு நல்லால்லக்கா."

அண்ணாச்சி நாளிதழைக் கீழே வைத்தார்.

"அக்காவக் கண்டுபிடிச்சுருதா. ஒடனே ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துருதாவ. அம்மா கோழி அடிச்சுக் கொழம்பு வச்சுச் சோறு போடுதா. அவ்வளவுதான். வேல பாத்த எடத்துல அந்த அக்காவ எப்படி வெளிய விட்டாவ? யாருமே ஒண்ணுமே கேக்கல. அப்படி எங்கனக்கா நடக்கு?"

"இதக் கேக்கதுக்கா நான் ஏரல்லேருந்து பஸ் ஏறி வந்தேன்?" என்று அண்ணாச்சி சிரித்தார். அந்தப் புத்தகத்துக்கு வந்த எந்த மதிப்புரையிலும் அந்தக் கேள்வி இல்லை. வீட்டுக்குப் போய் என் நோட்டில் தேடிப் பார்த்தேன்.

"ரெண்டு மாசமா வச்சிருந்தியே, அன்னைக்கே முடிச்சிருக்கலாம்லா?" என்று கேட்டேன்.

"முடிச்சா முடிஞ்சுரும்லாக்கா." கொஞ்சம் வெட்கப்பட்டாள். "பரீட்ச எட்டு நாளும் இங்கன வருவேன். மொத மூணு நாளு மூணு மூணு பக்கம், பெறகு ரெண்டு ரெண்டுன்னு பிரிச்சு வச்சிருந்தேன்."

அண்ணாச்சி புத்தகத்தை மறுபடி நாளிதழில் சுற்றி, அதே நூலைப் போட்டுக் கட்டினார். "தாமர காத்துட்டு இருப்பா. வாரேம்மா. நல்லா இரு" என்று பேச்சியின் தலையைத் தொட்டுச் சொல்லிவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்கு ஓடினார்.

பேச்சி பரீட்சை அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் அலமாரிக்குப் போய் இரண்டு புத்தகங்களை உருவிக்கொண்டு வந்தேன். வேளாண்மைக்குப் பின்னால் இருந்தவைதான். "உறுப்பினர் அட்டையெல்லாம் வேண்டாம். என் பேருல எழுதிக்கிடுதேன். கொண்டு போ."

அவள் இரண்டையும் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, மேசைமீது வைத்தாள். பலகையில் எழுதியிருந்தபடி சரியாக வைத்தாள்.

"வேண்டாம்க்கா. திருப்பிக் கொண்டாந்து தர ஆளில்ல. நான் திரும்பி வர மூணு வருசம் ஆவும்னு சொல்லுதாவ."

வாசல் வரைக்கும் போனவள் திரும்பி நின்றாள்.

"அக்கா, அங்க மில்லுல நாங்க தங்குத எடத்துல லைப்ரரி இருக்குமா?"

ஒரு புத்தகத்துக்காக மூன்று வாரமாக ஊர் ஊராக விசாரித்தவள் நான். அந்தக் கேள்விக்கு மட்டும் யாரையும் விசாரிக்காமல், "இருக்கும்மா" என்று சொன்னேன்.